சிங்கப்பூர்க் கப்பல் பயணம்: முகவர் தரும் தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு சென்ற மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் செல்லும் நான்கு இரவுக் கப்பலில் ஏறினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மேல்தளத்தில் நெடுநேரம் நிற்க முடியாது. அறையில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கட்டும் என்றுதான் அவர்களுக்குப் பால்கனி அறை கேட்டேன். அதற்கென்று 32,000 ரூபாய் கூடுதலாக வாங்கிய முகவர், 'பால்கனி அறை, எல்லாம் அடக்கம்' என்று தன் நிறுவனத் தாளில் அச்சிட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

கப்பலில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே சுவர். சன்னல்கூட இல்லை. வரவேற்பில் இருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதிவு செய்த நாளிலிருந்தே அது உள்ளறைதான். அதிலும், எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவு வகை. கப்பல் நிரம்பிவிட்டதால் மாற்றித்தர வழியில்லை. முகவரை அழைத்தேன். "கப்பல்காரர்கள் மாற்றியிருப்பார்கள் சார்" என்றார். அதன்பின் தொலைபேசியையே எடுக்கவில்லை. "பரவாயில்லைப்பா, தூங்கத்தானே" என்று அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

'எல்லாம் அடக்கம்' என்பதும் பொய். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் கப்பல் கணக்கில் தானாகவே ஏறுகிறது. கடைசி நாள் காலையில் நான்கு பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 280 அமெரிக்க டாலர் கட்டினேன்.

துறைமுகத்தையும் தவறாகத்தான் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் ஹார்பர்ஃபிரண்டில் ஒரு கப்பல் நிலையம், 2012இல் திறந்த மரினா பே நிலையம் என இரண்டு உண்டு. முதலாவதில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு இரண்டாவதற்கு ஓடினோம்.

விசாவில் மட்டும் தப்பித்தோம். புக்கெட் போய்த் திரும்பும் கப்பல் மறுபடியும் சிங்கப்பூருக்குள்தான் வருகிறது. ஆகவே பலமுறை நுழையும் விசா தேவை. அவர் எடுத்துத் தந்ததோ ஒருமுறை விசா. புறப்படும் முன் நானே கவனித்து மாற்ற வைத்தேன். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். அதையும் அவர் சொல்லவில்லை.

பணம் கட்டும் முன், உங்கள் பயணத்துக்குக் கப்பல் நிறுவனம் தந்த முன்பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அதை இட்டு, அறை வகையை உங்கள் கண்ணால் பாருங்கள். 'முன்பதிவு எண் பிறகு வரும்' என்றால் பணமும் பிறகே போகட்டும். நான் அதைக் கேட்காமல் விட்டேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். முகவரிடமிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. முத்திரை குத்திய அந்தத் தாளையும், கப்பலில் தந்த அறை விவரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இதே போல ஏமாந்தவர்கள் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.