வடைக்கடை எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம்: சாம்பல்தீவுப் பட்டறையொன்றின் பயோடீசல்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், சாம்பல்தீவில் ஒரு வீட்டின் பின்வளவில் இயங்கும் சிறு பட்டறையில், பொரித்துக் கழித்த எண்ணெயைக் கொடுத்தால் கூலிக்குப் பயோடீசலாக, அதாவது டீசல் இயந்திரத்தில் எரிக்கக்கூடிய எரிபொருளாக, ஆக்கித் தருகிறார்கள். நகரத்து வடைக்கடைகள் இரண்டில் சேர்த்த 20 லீற்றரைக் கொடுத்து 18 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பெற்றேன். வெங்காயத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கு இதுவரை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன்.

வேலையில் அவசரமில்லை. எண்ணெயைத் துணியில் வடித்து, ஈரம் போகும்வரை சூடாக்கி, ஆறியபின் அதன் அமிலத்தன்மையை அளக்கிறார்கள். ஈரம் நின்றால், எண்ணெயைப் பயோடீசலாக மாற்றச் சேர்க்கும் கோஸ்டிக் சோடா அதைச் சவர்க்காரமாக்கிவிடும். அமிலம் கூடினால் சோடாவும் கூட வேண்டும். புதிய எண்ணெய்க்கு லீற்றருக்கு 3.5 கிராம் சோடா போதும் என்றாலும், பலநாள் பொரிப்பில் கறுத்திருந்த என் எண்ணெய் 6 கிராம் கேட்டது. எண்ணெயின் ஐந்திலொரு பங்கு மெதனோலில் (ஒருவகை மதுசாரம்) சோடாவைக் கரைத்து, எண்ணெயோடு சேர்த்து 55 பாகை செல்சியஸில், மூடிய கலனுக்குள் கலக்குகிறார்கள். மெதனோல் 65 பாகையளவில் கொதிப்பது. அதன் ஆவியோ நஞ்சு, தீயும் பற்றும். மறுநாள் காலையில் அடியில் கரும்பாகுபோலக் கிளிசரினும், மேலே பிளேன்ரீ நிறத்தில் பயோடீசலும் பிரிந்து நின்றன.

இரண்டாம் தடவை வாங்கியது மாரிகாலத்தில். மிஞ்சிய சவர்க்காரம் போக நீரால் கழுவியபின் சரியாக உலர்த்தாமல் கலங்கலாகவே தந்துவிட்டார்கள். இயந்திரம் கால்மணி நேரம் விக்கி விக்கி நின்றுபோனது. முறையிட்டபோது மறுபேச்சின்றித் திருப்பியெடுத்துச் சூடாக்கித் தந்ததைச் சொல்லியாக வேண்டும். இப்போது பாதி நீரும் பாதி பயோடீசலுமாகப் போத்தலில் குலுக்கிப் பார்த்தே வாங்குகிறேன்: அரைமணி நேரத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும், நடுவில் வெண்ணுரை தங்கினால் சவர்க்காரம் மிச்சமிருக்கிறது.

முதல் வாரத்தில் வடிகட்டி அடைத்தது அவர்களின் தவறன்று. தாங்கியில் பழைய டீசல் விட்ட கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவரும். ஆனால் அதையும், இறப்பர்க் குழாய் ஊதி இளகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வலு டீசலைவிடச் சற்றுக் குறைவு. குளிர்நாடுகளில் பாமெண்ணெய்ப் பயோடீசல் உறைவதுண்டு. நமது வெயிலில் அந்தக் கவலையில்லை. தோட்டத்தில் வீசும் பொரியல் வாசத்தால் மாலையில் பசிதான் கூடுகிறது.

தீராத மனக்குறை ஒன்று உண்டு. கழுவிய நீரை, சோடாவும் மெதனோலும் கலந்த நிலையில், வளவு மணலிலேயே விடுகிறார்கள். சில அடி ஆழத்தில் கிணற்று நீர் ஊறும் மணற்பாங்கான நிலம் அது. தொட்டியொன்று கட்டும்படி இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அடுத்த 20 லீற்றரை அந்தத் தொட்டியைப் பார்த்த பின்னரே கொண்டுபோவேன்.