கரப்பானும் ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியும்

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியின் மேல்தட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு டப்பா இருக்கிறது. தீர்ந்தால் அதே இடத்துக்கு அதே போன்ற இன்னொன்று வந்துவிடும். வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, அரைக் கிலோ. வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்றும் தோல் மருத்துவர் அடோபிக் டெர்மடைடிஸ் என்றும் சொன்ன நோய் என் மகளுக்கு ஒன்றரை வயதில் தொடங்கியது. இப்போது அவளுக்கு எட்டு வயது. இடைப்பட்ட காலத்தில் வாங்கி, தடவி, கைவிட்ட பொருள்களைச் சேர்த்தால் ஓர் அட்டைப்பெட்டி நிறையும். அவற்றுள் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்கியது இதை மட்டுமே. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு எழுதும் மதிப்புரைகளால் இந்த நோய்க்காரர்களுக்குப் பயனில்லை, ஏனெனில் கரப்பான் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும், தானாகவே கிளம்பவும் செய்யும். அந்த வாரத்தில் கையில் எந்த ட்யூப் இருந்ததோ அதற்குப் புகழோ பழியோ போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த ஜெல்லி செய்யும் வேலை மிகச் சிறியது. கரப்பான் உள்ள தோல், மண்பானையைப் போல உள்ளிருக்கும் ஈரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. தோலின் மேலடுக்கை இறுக்கமாகப் பின்னிவைக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள குறை இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது 2006இல், ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழுவினர் முன்னின்று செய்த ஆய்வில் வெளிப்பட்டது. எல்லா நோயாளிகளுக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் தடுப்புச்சுவர் பழுதுபட்டிருப்பது பொது. ஈரம் வெளியே போகும் அதே வழியில் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே போகின்றன, அரிப்பு எடுக்கிறது, சொறிந்தால் சுவர் மேலும் இடிகிறது. பெட்ரோலியம் ஜெல்லி அந்தச் சுவரின் மேல் ஒரு பூச்சாக நிற்கிறது, அவ்வளவுதான். அது தன் பங்குக்குத் தோலுக்கு ஒரு சொட்டு நீரும் தருவதில்லை. இருக்கும் நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் சில மாதங்கள் காய்ந்த தோலின் மேல் தடவிவிட்டு, பயனில்லை என்று நானே புலம்பியிருக்கிறேன்.

மருத்துவர் சொன்ன முறை வேறு. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்கு மிகாத குளியல், பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தல், பிறகு மூன்று நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் மினுங்கும்போதே ஜெல்லி. நான் குளியலறையிலேயே தடவிவிடுகிறேன், ஏனெனில் அறைக்கு வந்தால் மின்விசிறி பாதி ஈரத்தைக் குடித்துவிடும். ஓர் எவர்சில்வர் கரண்டியால் கோலிக்குண்டு அளவு எடுத்து இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் அது கண்ணாடி போல உருகும். பிறகு முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கணுக்கால் என்று மேலிருந்து கீழாக, முடி சாயும் திசையில் நீவிவிட வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் அடைத்துக்கொண்டு சிறு கொப்புளங்கள் வரும். கைவிரலை டப்பாவுக்குள் விடக் கூடாது என்பதும் அனுபவத்தில் வந்த பாடம். இந்தத் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சுலபமாகக் குடியேறும், சொறிந்த விரல் டப்பாவுக்குள் போனால் அதுவும் கூடவே போகும்.

அளவு என்று வரும்போதுதான் இந்தப் பொருளின் உண்மையான சிறப்பு தெரிகிறது. கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரக்காப்புக் களிம்பு தேவைப்படலாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் என்னும் அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. நம் மருந்துக்கடைகளில் செராமைடு என்னும் தோல் கொழுப்பு சேர்த்த உயர்தரக் கிரீம்கள் பெரும்பாலும் 50 கிராம், 100 கிராம் ட்யூப்களாகவே கிடைக்கின்றன. அந்தக் கணக்குப்படி வாரத்துக்கு ஐந்து சிறிய ட்யூப்கள் ஆகும். எந்த நடுத்தரக் குடும்பமும் அவ்வளவு தடவப்போவதில்லை. விலை உயர்ந்த ட்யூப் கையில் இருந்த காலத்தில் நான் பட்டாணி அளவு எடுத்து, அதையே இரண்டு கைகளுக்கும் இழுத்துப் பூசி, செலவைப் பார்த்துச் செலவழித்தேன். இந்த டப்பா வந்த பிறகுதான் கை தாராளமானது. நோய் தெரியாத நாள்களிலும், தோல் வழவழவென்று இருக்கும் மாதங்களிலும் விடாமல் தடவ முடிந்ததற்குக் காரணம் மலிவுதான், வேறு மாயம் எதுவும் இல்லை.

மற்ற கிரீம்களைவிட இது உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் 550 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. நோயைக் கட்டுப்படுத்துவதில் நான்குக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தை எதை மறுக்காமல் தடவிக்கொள்கிறதோ, பெற்றோர் எதைத் தீர்ந்தவுடன் மீண்டும் வாங்க முடியுமோ, அதுவே அந்த வீட்டுக்கு நல்லது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன்.

குறைத்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். மார்கழியில் பட்டுத்துணி போல உட்காரும் இந்த ஜெல்லி, சித்திரை பிறந்ததும் சென்னையில் தண்டனையாகிவிடுகிறது. அக்னி நட்சத்திர நாள்களில் மாடி வீட்டு அலமாரிக்குள்ளேயே அது இளகிக் கூழாகிவிடும். தடவிய இடத்தில் வியர்வை வெளியேற வழியில்லாமல் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பூக்கும், வேர்க்குரு அரிக்கும், அரிப்பு கரப்பானைக் கிளப்பும். எந்த நோயைத் தடுக்க வாங்கினோமோ அதற்கே இது வழி திறந்துவிடும் மாதம் அது. ஆகவே மார்ச் முடிவிலிருந்து ஜூலை வரை பகலில் நீர்த்தன்மை கூடிய, வாசனையற்ற ஒரு சாதாரண கிரீமும், இரவில், அதுவும் மடிப்புகளிலும் கணுக்காலிலும் மட்டும் இந்த ஜெல்லியும் என்று மாற்றிக்கொண்டோம். பள்ளிக்கூடமும் ஒரு சிக்கல்தான். வெள்ளைச் சீருடையின் கழுத்துப்பட்டை நிரந்தரமாக மஞ்சளடித்துப்போனது. இரண்டாம் வகுப்பில் இவளுடைய கணக்கு நோட்டின் பக்கங்களில் மணிக்கட்டு பட்ட இடமெல்லாம் கண்ணாடித்தாளாகி மறுபக்கத்து எழுத்து தெரிய, ஆசிரியை, "பஜ்ஜி சாப்பிட்டுவிட்டா எழுதினாய்?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை வந்தவள் இனிமேல் காலையில் தடவிக்கொள்ள மாட்டேன் என்று டப்பாவைத் தள்ளி வைத்தாள். கைகளுக்குக் காலை நேரத்தில் கிரீம், இரவில் ஜெல்லி என்ற உடன்பாடு அப்படித்தான் பிறந்தது.

இன்னொன்றையும் வாங்குபவர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: நோய் கிளம்பிவிட்ட பிறகு இதனால் அதை அடக்க முடியாது. தோல் சிவந்து, தடித்து, நீர் கசியும் நிலையில் வெறும் ஜெல்லியைப் பூசிக்கொண்டிருப்பது, பற்றி எரியும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. அப்போது வேண்டியது அழற்சியைத் தணிக்கும் மருந்து. இங்கே நாங்கள் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்த கிரீமைத் தடவினோம். இரண்டே நாளில் தோல் பளிங்கு போல ஆனது. நாங்கள் அந்தக் கடைக்காரரைக் கைராசிக்காரர் என்றே கொண்டாடினோம். விட்டால் திரும்பும், மறுபடி தடவினால் மறையும் என்று நான்கைந்து மாதம் ஓடிய பிறகு முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து நரம்பு தெரியத் தொடங்கியது. அட்டையைப் படித்த மருத்துவர், அதில் கிளோபீட்டசால் என்னும் மிக வீரியமான ஸ்டீராய்டும் அதனுடன் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருப்பதாகச் சொன்னார். மருத்துவர் சீட்டில்லாமல் இவ்வகை ஸ்டீராய்டு களிம்புகளை விற்பதைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. அந்த விதி எங்கள் தெருமுனை வரை வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே மறுக்கும் நிலைக்குப் போனேன். அதுவும் தவறு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற வீரியத்தில், குறிப்பிட்ட நாள்களுக்கு, சரியான அளவில் தடவினால் அது பாதுகாப்பானது. பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள், விரல்களும் சேர்த்து மறைக்கும் பரப்புக்குப் போதும். இந்த அளவுகோல் தெரிந்த பிறகு என் பயம் பாதியாகக் குறைந்தது. நோய் அடங்கிய பின்னும், அது வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மருந்தைத் தொடரும் முறையையும் அவர்தான் தொடங்கிவைத்தார். எங்களுக்கு அது ஸ்டீராய்டு அல்லாத, அழற்சியைத் தணிக்கும் 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு, சனியும் புதனும். முதல் சில நாள்கள் மிளகாய் பட்டது போல எரிகிறது என்று அழுதாள், பிறகு பழகிவிட்டது. மருந்து தடவிய நாள்களில் அதற்கும் ஜெல்லிக்கும் நடுவே கால் மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார். அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒரு கதை என்பது மகளின் கட்டணம்.

அட்டைப்பெட்டிக்குள் போன மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு படியும் கடின நீர். அதுதான் காரணம் என்று முடிவுகட்டிக் கணிசமான தொகைக்கு நீரை மென்மையாக்கும் கருவி ஒன்றை மாட்டினோம். கடின நீர் உள்ள ஊர்களில் கரப்பான் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே நோய் உள்ள 336 குழந்தைகளிடம் கருவி பொருத்திச் சோதித்து 2011இல் வெளியிடப்பட்ட இங்கிலாந்து ஆய்வு, அதனால் கூடுதல் பயன் இல்லை என்றது. வாங்குவதற்கு முன் அதைப் படிக்காதது என் பிழை. வாளி மட்டும் இப்போது வெள்ளை படியாமல் இருக்கிறது. குளியல் நீரில் ஊற்றும் எண்ணெய்களும் அப்படியே: 2018இல் 480க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வில் அவற்றால் நன்மை தெரியவில்லை.

மாமியார் சொன்ன தேங்காய் எண்ணெயை மட்டும் அந்தப் பெட்டியில் போட மனம் வரவில்லை. பிலிப்பீன்ஸில் 117 குழந்தைகளிடம், பெட்ரோலியத்திலிருந்தே எடுக்கும் மினரல் ஆயில் என்னும் திரவ எண்ணெயுடன் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் வெர்ஜின் தேங்காய் எண்ணெயே மேலாக இருந்தது. மினரல் ஆயிலும் இந்த ஜெல்லியும் ஒன்றல்ல என்பதால் அதை வைத்து இதைத் தோற்கடிக்க முடியாது. என்றாலும் டப்பா தீர்ந்து கடைக்குப் போக முடியாத நாள்களில் அந்த எண்ணெய் கைகொடுத்திருக்கிறது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று மாமியார் ஒதுக்கிய கரப்பான் பண்டங்களைப் பொறுத்தவரை, சாப்பிட்டதும் தடிப்பு வந்ததாக எங்கள் குறிப்பேட்டில் ஒரு நாளும் பதிவாகவில்லை. வளரும் குழந்தைக்குக் காரணமில்லாமல் முட்டையை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவரும் சொல்ல, மாமியாரே இப்போது அவித்துக் கொடுக்கிறார்.

அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த மதிப்புரையை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். நாட்டிங்ஹாமில் உருவான போயம் என்னும் ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் இரத்தம் வந்தது, கசிந்தது, வெடித்தது, உதிர்ந்தது, வறண்டது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28; எண் கூடினால் நோய் கடுமை என்று பொருள். மாதத்தின் முதல் ஞாயிறன்று தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் எழுதி நோட்டில் ஒட்டிவிடுவேன். முதல் ஆண்டில் 17க்குக் கீழே இறங்காத எண், கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் 4, 5, 6. இடையில் ஏறிய மாதங்கள் மே மாதங்களும், ஊருக்குப் போய் டப்பாவை மறந்த ஒரு பொங்கலும். இறங்கியதற்கு வாரம் இரு நாள் மருந்து பாதிக் காரணம், வயது ஏறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுப் புகழையும் டப்பாவுக்கு எழுத மாட்டேன்.

பெட்ரோலியம் என்ற பெயரைப் பார்த்து, "பெட்ரோலையா குழந்தைக்குப் பூசுகிறாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை. எண்ணெய்க் கிணற்றுப் பம்ப் தண்டுகளில் படிந்த மெழுகிலிருந்து ராபர்ட் செஸ்ப்ரோ எடுத்து 1872இல் அமெரிக்காவில் வாசலின் என்று காப்புரிமை பெற்றதுதான் இது என்றாலும், மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த ஜெல்லி தோலை உறுத்துவதோ ஒவ்வாமை தருவதோ மிக அரிது. வாங்கும்போது சேர்மானத்தில் வெள்ளை மென்பாரஃபின் (இந்த ஜெல்லியின் மருந்துப் பெயர்) என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லையா என்று பாருங்கள். கோகோ, கற்றாழை என்று வாசனை ஏற்றியவை இந்த நோய்க்கு ஆகா. அஞ்ச வேண்டியது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜெல்லி துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி தீப்பற்றும் வேகம் கூடும். துவைத்தாலும் முழுமையாகப் போகாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குறித்து 2018இல் எச்சரித்தது. நான் வாங்கிய எந்த டப்பாவிலும் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கவில்லை. தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் அவளுக்கென்று ஜெல்லி படாத புதுப் பருத்தி உடை ஒன்றைத் தனியே எடுத்து வைக்கிறேன். இரவில் போட்டுக்கொள்ளும் பழைய கவுனுடன் அடுப்பங்கரைப் பக்கம் வர அனுமதி இல்லை.

கடைசியாக மூடியைப் பற்றி. வழுக்கும் கையால் திறக்கவே முடியாத வழவழப்பான பிளாஸ்டிக்கில் அதை ஏன் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு ரப்பர் பேண்டுகளைச் சுற்றிவைத்திருக்கிறேன். இப்போது மகளே திறந்து, கரண்டியால் எடுத்து, முழங்காலின் பின்புறத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு, மீதியைத் தானே தடவிக்கொள்கிறாள்.