மட்டக்களப்பில் ஒரு நாய்ப் பயிற்சி நிலையம்: சோறு நல்லம், ரிமோட் கூடாது

மூன்று கிழமைப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த இரண்டும் சோற்றுக்கும் சுத்தத்துக்கும். இடத்தின் பெயரைப் போடவில்லை, ஆளைச் சண்டைக்கு இழுப்பது என் நோக்கமில்லை.

எங்கள் ரைகர் ஊர் நாய்தான். கல்லடியில் வீடு. கேற் கொஞ்சம் திறந்தால் போதும், நேரே வீதிக்கு ஓடிவிடுவான், பக்கத்து வீட்டுக் கோழி இரண்டைக் கடித்து அதற்கு நட்டஈடும் கட்டியாயிற்று. அதனால்தான் அனுப்பினோம். கூடுகள் பெரியவை, கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள், இரண்டு நேரமும் மீன் போட்ட சோறு, தினமும் வாட்சப்பில் ஒரு வீடியோ. வேலையும் நடந்ததுதான். திரும்பி வந்த நாய் கேற்றை அகலத் திறந்து விட்டாலும் வெளியே போகாது. முதல் இரண்டு நாளும் நானே எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் கரண்ட் போய் யூபிஎஸ் 'பீப்' என்றது. ரைகர் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், வயிற்றால் இழைந்து கட்டிலுக்குக் கீழே போனவன் இரவு வரை வெளியே வரவில்லை. அப்புறம்தான் போன் எடுத்துக் கேட்டேன். பயிற்சியாளர் மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கழுத்துப் பட்டியில் சின்னப் பெட்டி, அவர் கையில் ரிமோட், முதலில் பீப் சத்தம், நாய் கேட்காவிட்டால் கரண்ட். "சின்ன ஷொக்தான் அக்கா, பாவ்லோவ் முறை, இது சயன்ஸ்" என்றார்.

பாவ்லோவா? நான் உளவளத்துணை டிப்ளோமா படித்தவள், அந்தப் பெயரைச் சொல்லி என்னைச் சமாளிக்க ஏலாது. எங்கள் பாடத்தில் வருகிற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்குச் சத்தத்துக்குப் பின்னால் கிடைத்தது சாப்பாடு, பிறகு சத்தம் கேட்டாலே அதற்கு எச்சில் ஊறியது. ரைகருக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தாமலே தெரியும், பின்னேரம் பாண் ஓட்டோவின் மெட்டு தெருமுனையில் கேட்டதும் வாயூறிக்கொண்டு கேற்றடியில் நிற்பான். அதற்காகப் பாவ்லோவைப் புண்ணியவான் ஆக்கவும் தேவையில்லை. எச்சிலை அளப்பதற்காக நாயின் கன்னத்தில் துளை போட்டு வெளியே எடுத்தவர், 1904இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசே சமிபாட்டு ஆய்வுக்குத்தான், அதுவும் நாய்களை அறுத்துச் செய்த வேலை. 1935இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, லெனின்கிராட்டில் நாய்க்கு நினைவுச்சின்னமும் எழுப்பினார்கள். நாய் கேட்டதா?

ரைகரில் நான் கண்டது வேறு பாடம். 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கட்டிவைத்து, அவை என்ன செய்தாலும் நிற்காதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, தாழ்ந்த ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்கிற பெட்டிக்குள் விட்டபோது அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை, கிடந்து வாங்கிக்கொண்டன. என்ன செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அவர்கள் தந்த விளக்கம். கேற் திறந்து கிடக்க உள்ளே சுருண்டு கிடக்கிற எங்கள் நாயைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. கீழ்ப்படிவு என்று நினைத்து நான் காசு கொடுத்து வாங்கியது இதைத்தான். அம்மாவுக்குச் செலிக்மனையும் தெரியாது, ஒருவரையும் தெரியாது, முதல் நாளே பார்த்துவிட்டு "இவன் ஓஞ்சு போனான் புள்ள" என்றார்.

அந்தப் பரிசோதனையைச் செய்திருக்கலாமா என்று கேட்டால் எனக்குச் சங்கடம். நுண்கடனில் மாட்டி எதற்கும் வாய் திறக்காமல் இருக்கிற பெண்களோடு கதைக்கும்போது அந்த நாய்கள் தந்த விளக்கம் எனக்கு உதவியிருக்கிறது, அதை மறைத்தால் பொய். ஆனால் மிருகத்துக்குப் பதிலாக வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று ரசல், பேர்ச் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1959லேயே எழுதிவிட்டார்கள், அதற்கு எட்டு வருடத்துக்குப் பிறகு நடந்த வேலை இது. அது மட்டுமா, 2016இல் அதே மேயரும் செலிக்மனும் தாங்கள் முதலில் தலைகீழாக விளங்கிக்கொண்டதாக எழுதினார்கள்: நீண்ட வேதனையில் ஓய்ந்து கிடப்பது உடம்பின் இயல்பு, தன் கையில் ஏதோ இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்கிறதாம். அந்தத் திருத்தத்துக்கும் விலை கொடுத்தவை எலிகள். நான் இப்போது 'செய்திருக்கக் கூடாது' என்ற பக்கம்தான் சாய்கிறேன்.

சரி, அங்கேயாவது ஒரு கேள்வி இருந்தது, எழுதி வைத்தார்கள். இங்கே? எத்தனை தரம், எந்த அளவில் கொடுத்தீர்கள், குறிப்புக் கொப்பியைக் காட்டுங்கள் என்றேன். "அப்படி ஒண்டும் எழுதுறதில்ல அக்கா." அறுபது வருடத்துக்கு முன்னமே நாய்கள் வேதனைப்பட்டுச் சொல்லித் தந்த ஒரு விஷயத்தை, ஒன்றும் படிக்காமல், காசும் வாங்கிக்கொண்டு திரும்பச் செய்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் இந்தப் பட்டியை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள். இலங்கையில் கையிலிருப்பது 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டம், அதிலுள்ள உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய்.

காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. இன்னும் ஒரு கிழமை இலவசமாகப் பழக்கித் தருகிறோம் என்றார்கள்! ஊருக்குப் போகிற நாட்களில் நாயை விட்டுவைக்க மட்டும் என்றால் அந்த இடம் பரவாயில்லை, ஆனால் பட்டி போடமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரைகருக்கு இப்போது வைத்தியம் நான்தான். செலிக்மன் ஆட்கள் ஓய்ந்த நாய்களைக் கயிற்றால் இழுத்துத் தடுப்பைத் தாண்டவைத்து, திரும்பத் திரும்ப அப்படிச் செய்துதான் மீட்டார்கள். இழுக்க எனக்கு மனம் வரவில்லை, கருவாட்டுத் துண்டை வைத்துக்கொண்டு கேற்றுக்கு அந்தப் பக்கம் குந்தியிருக்கிறேன். பதினொரு நாளாகிறது. நேற்றுப் பாண் ஓட்டோ போனபோது எழும்பவில்லை, ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.