ஐஸ்லாந்தில் தனியாகக் கார் எடுத்து மலையேறப் போகிறீர்களா? வாடகைக் கவுன்ட்டரில் பணம் பறிபோகும் வழிகள்

ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கும் நம் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விமான டிக்கெட் போட்ட கையோடு, விலை ஒப்பிடும் இணையதளம் ஒன்றில் காரையும் பதிவு செய்கிறார்கள். பணம் கட்டும் பக்கத்தில் 'முழுப் பாதுகாப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். விலையும் குறைவு. டிக் செய்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறார்கள். கேஃப்லாவீக் விமான நிலையத்தில் இறங்கிக் கவுன்ட்டரில் தாளை நீட்டினால், "இது எங்கள் காப்பீடு இல்லையே" என்கிறார் அங்கிருப்பவர்.

அவர் சொல்வது உண்மை. இணையதளம் விற்றது, செலவை நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கும் காப்பீடு. காரில் கீறல் விழுந்தால் வாடகை நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். பிறகு வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுது பார்த்த ரசீது, பணம் போனதற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள்தான் அந்தக் காப்பீட்டாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பல நேரம் வாடகை நிறுவனம் ரசீதே தராமல் ஒரு மதிப்பீட்டுத் தாளை மட்டும் அனுப்பும். அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டு வழி காட்டுவார். ஒன்று, கார்டில் பெரிய தொகையை டெபாசிட்டாக முடக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களுடைய காப்பீட்டை அங்கேயே வாங்க வேண்டும். நள்ளிரவு, தூக்கமில்லை, பேசிப் பார்க்கக் கூட ஒருவர் இல்லை, கார்டில் அவ்வளவு லிமிட்டும் இல்லை. தனியாக வந்தவர் இரண்டாவதைத்தான் எடுப்பார். ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை பணம் போகிறது. விற்கிற இணையதளத்துக்கும் இது தெரியும், கவுன்ட்டருக்கும் தெரியும். தெரிந்தே அந்தச் சொல்லைப் போட்டு விற்பதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரே மாற்று, வாடகை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்து, அவர்களுடைய காப்பீட்டையே எடுப்பது. மொத்த விலை கூடுதலாகத் தெரியும். கவுன்ட்டரில் கட்டப் போவதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே மலிவு. டெபாசிட்டுக்கு டெபிட் கார்டைப் பலர் ஏற்பதில்லை. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமே திறந்தால்தான் திறக்கும். ஊரிலேயே வங்கி ஆப்பில் அதைத் திறந்து, பின் எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத பெட்ரோல் பம்புகள் பலவற்றில் பின் இல்லாமல் ஒரு சொட்டும் வராது. கார்டு மெஷின் ரூபாயா, அந்நாட்டுப் பணமான க்ரோனாவா என்று கேட்டால் க்ரோனாவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இனி காப்பீட்டுச் சுருக்கெழுத்துகள். சிடிடபிள்யூ என்பது அடிப்படை மோதல் காப்பீடு. அதில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை, அதாவது 'செல்ஃப் ரிஸ்க்', பெரியதாக இருக்கும். எஸ்சிடிடபிள்யூ அந்தத் தொகையைக் குறைக்கும். ஜிபி என்பது சரளைக் கல் தெறித்து முன்கண்ணாடியும் விளக்கும் உடைவதற்கு. இதை மட்டும் விடவே கூடாது. தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் 'மால்பிக் எண்டார்' என்ற பலகை இருக்கும். அங்கே 90லிருந்து வேகத்தைக் குறைக்காமல் எதிரில் வருகிறவரின் டயர்தான் உங்கள் கண்ணாடியை உடைக்கும், நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும். எஸ்ஏஏபி மணலுக்கும் சாம்பலுக்கும். தெற்குக் கரையில் வீக் ஊரைத் தாண்டினால் மீர்டால்ஸ்சாண்டுர், அதற்கப்பால் ஸ்கெய்தாராவ்ர்சாண்டுர் என்று கறுப்பு மணல்வெளிகள். பலத்த காற்றில் அந்த மணல் காரின் பெயின்டை உரித்துவிடும், எல்லாக் கண்ணாடிகளும் மங்கிப்போகும். அந்தப் பக்கம் போகாதவருக்கு இது தேவையில்லை. திருட்டுக் காப்பீட்டையும் தனியாக விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும் வாங்கினாலும் அடங்காதவை உண்டு. கவுன்ட்டரில் யாரும் வாய் திறந்து சொல்லாத பகுதி இதுதான். காற்று பிடுங்கி மடக்கிய கதவு, காரின் அடிப்பாகம், ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் போகும் தண்ணீர், தேய்ந்த கிளட்ச், தவறாகப் போட்ட எரிபொருள் ஆகியவற்றைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விலக்கியே வைத்திருக்கும். 'ஜீரோ எக்ஸஸ்', அதாவது உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. கையெழுத்துக்கு முன் விலக்குகள் பக்கத்தைக் காட்டச் சொல்லி, கதவு, அடிப்பாகம், தண்ணீர் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கதவுதான் நம்மவர்களை அதிகம் கவிழ்க்கிறது. ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையம் காற்றை வினாடிக்கு மீட்டர் கணக்கில் சொல்லும். 15 என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர், 25 என்றால் 90. 15ஐத் தாண்டினாலே, கொஞ்சம் அசந்தால் கதவு கீல் முறியும் அளவுக்குத் திறந்துகொள்ளும். காரை நிறுத்தும்போது அதன் முகம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். அப்போது காற்றே கதவை மூடிப் பிடிக்கும். ஒரு கையால் கதவைப் பற்றிக்கொண்டே இறங்குங்கள்.

மலையேறப் போகிறவர்களுக்கு இன்னொரு வலை, 'எஃப் சாலைக்கு ஏற்றது' என்று விற்கப்படும் சின்ன ஃபோர் வீல் டிரைவ் கார்கள். நாட்டின் நடுப்பகுதி மலைச் சாலைகளான எஃப் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி மட்டுமே போகலாம். அந்த விதிக்கு இந்தக் கார் பொருந்தும், ஆனால் ஆற்றுக்குப் பொருந்தாது. அடிப்பாகம் தாழ்வு, காற்று உறிஞ்சும் குழாயும் தாழ்வு. அலை ஒன்று ஏறினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் எஞ்சின் முறியும். அந்தச் செலவு முழுக்க உங்களுடையது. மலையேறுபவர்கள் தங்கும் லாண்ட்மன்னலாய்கர் முகாமுக்கு வடக்கே சிகால்டா பக்கமிருந்து எஃப்208இல் வந்தால் கடைசியில் முகாமுக்கு முன்னால் மட்டும்தான் தண்ணீர். அதற்கு இப்புறமே காரை நிறுத்திவிட்டு நடைபாலத்தில் போய்விடலாம். கோடையில் அங்கே வண்டி நிறுத்த 2024 முதல் முன்பதிவு முறை வந்திருக்கிறது. அதே எஃப்208இன் தெற்குப் பகுதியும் எஃப்225உம் வேறு கதை, ஆறுகள் குறுக்கே வரும். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் எஃப்249இல் தனியாக வாடகைக் கார் ஓட்டவே வேண்டாம். அங்குள்ள க்ராஸௌ ஆறு பெரிய ஜீப்புகளையே புரட்டியிருக்கிறது. உயரமான டயர் போட்ட மலைப் பேருந்துகள் கோடையில் ரெய்க்யாவிக்கிலிருந்தும் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவியிலிருந்தும் ஓடுகின்றன. லாண்ட்மன்னலாய்கரையும் தோர்ஸ்மோர்க்கையும் இணைக்கும் லாய்கவேகுர் நடைபாதை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும். அதை நடக்கிறவர் அந்த நாட்களுக்குக் கார் வாடகை கட்டுவதே வீண். நடையை முடித்துவிட்டுக் காரை எடுங்கள்.

கேம்பர் வேன் விற்கும் சிலர் 'எங்கு வேண்டுமானாலும் தூங்கலாம்' என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். 2015இல் வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, முகாம் இடங்களுக்கு வெளியே நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் வண்டியில் இரவு தங்கக் கூடாது. முகாம் கட்டணத்தை ஒவ்வொரு இரவுக்கும் கணக்கில் சேருங்கள்.

ஊரிலேயே தொடங்கும் ஏமாற்றும் உண்டு. 'பத்து ஆண்டு செல்லும் சர்வதேச லைசென்ஸ்' என்று இணையத்தில் விற்கப்படும் அட்டைகள் வெறும் பிளாஸ்டிக். நம் நாட்டில் அதை முறையாக வாங்கும் இடம் ஆர்டிஓ. அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும். விபத்து நடந்தபின் போலி அட்டை என்று தெரிந்தால் காப்பீடே கைவிட்டுப் போகும்.

கார் கையில் வந்ததும் வீடியோ எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாட்சிக்கு வேறு ஆள் இல்லாதவருக்கு அதுதான் சாட்சி. இருட்டாக இருந்தால் விளக்குக்குக் கீழே நகர்த்தச் சொல்லுங்கள். மழை ஈரம் கீறலை மறைக்கும், துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். நான்கு சக்கர ரிம், முன் பம்பரின் அடி விளிம்பு, முன்கண்ணாடியை உள்ளிருந்து ஒரு முறை, கூரை, நான்கு கதவுகளையும் முழுக்கத் திறந்து கீல், டயரின் பட்டை ஆழம், எரிபொருள் முள், ஓடோமீட்டர். 2019இல் அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ரூவ், ஒரு வாடகை நிறுவனம் விற்கும் கார்களின் ஓடோமீட்டரைக் குறைத்து வைத்ததை வெளிக்கொண்டு வந்தது. அந்த எண்ணை நம்பி டயரின் வயதைக் கணிக்க வேண்டாம். சேதப் படிவத்தில் விட்டுப்போனதை நீங்களே எழுதி, கையெழுத்து வாங்கி, அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வரிசை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால், வீடியோவில் அந்த இடமும் நேரமும் விழட்டும். பயணிகள் விமானம் ஏறியபின் வரும் பில்கள் பெரும்பாலும் இப்படி ஆளில்லாமல் விட்ட கார்களுக்குத்தான்.

வீடு திரும்பியபின் வரும் சின்னப் பில்களும் சேர்ந்தால் பெரியவை. அக்குரேய்ரி அருகே உள்ள வாத்லாஹேய்தார் சுரங்கத்தில் சுங்கச்சாவடி கிடையாது. இணையத்தில் நாமே கட்ட வேண்டும். விட்டால் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் ஏற்றி உங்கள் கார்டில் எடுப்பார்கள். தேசியப் பூங்காக்களிலும் அருவிகளிலும் கேமரா படம் பிடிக்கும் பார்க்கிங்குக்கும், வேக அபராதத்துக்கும் இதே வழி.

நியாயமில்லாத தொகை போய்விட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் மூன்றைக் கேளுங்கள். தேதியுடன் சேதப் படம், பழுது பார்த்த ரசீது, எந்த ஒப்பந்தப் பிரிவின்படி எடுத்தார்கள் என்ற விளக்கம். தராமல் இழுத்தால், அந்தக் கடிதங்களையும் உங்கள் இரண்டு வீடியோக்களையும் வைத்து, கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஐஸ்லாந்திலேயே நுகர்வோர் புகார்களை விசாரிக்க 'கைருனெஃப்ன்ட் வோரு ஓக் த்யோனுஸ்டுகாய்பா' என்ற குறைதீர்ப்பு வாரியம் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்திலேயே அந்தப் பெயரைக் குறிப்பிடுங்கள்.