தண்ணீர் குறைந்தது என்பதற்காக நீர்மூழ்கி மோட்டாரை உடனே மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்

ஆழ்துளைக் கிணற்றில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை, "காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) போய்விட்டது, இனி இழுக்காது" என்று கூறிக் கழற்றி எடுத்துக்கொண்ட ஒரு மெக்கானிக், அதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட புதிய மோட்டார் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுச் சென்றார். பழுது இருந்ததோ மோட்டாரில் அல்ல, குழாயில். இதே பேச்சை நம்பி இன்னொருவர் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

தண்ணீர் குறைந்ததால் நான் அழைத்து வந்தவர் சுவிட்சைப் போட்டார், தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்தார், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வெளியே எடுக்கவில்லை. கண்ட்ரோல் பேனலைத் திறக்கவில்லை. கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று அளக்கவும் இல்லை. மோட்டாரை மேலே ஏற்றி, புதியதைப் பழைய குழாயிலும் பழைய கேபிளிலுமே மாட்டி இறக்கினார். பெரிய மோட்டார் என்பதால் தொடக்கத்தில் தண்ணீர் சற்றுக் கூடியதுபோல் தோன்றியது, பிறகு முன்பைவிடக் குறைந்தது. மீண்டும் அழைத்தபோது, போரிலேயே ஊற்று இல்லை என்றும் ஆழப்படுத்த வேண்டும் என்றும் அடுத்த செலவுக்கு அடிபோட்டார்.

அதன்பின் வந்த வேறொருவர், மோட்டார் ஓடும்போதே கிணற்றின் வாயில் காது வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் சோவென்று கொட்டும் ஓசை தெளிவாகக் கேட்டது. குழாயைத் தூக்கியபோது, மோட்டாருக்குச் சற்று மேலிருந்த இணைப்பில் இரண்டு குழாய்களைச் சேர்க்கும் கப்ளிங்குக்கு அருகே இரும்பின் மரை துருவேறித் தேய்ந்து, விளிம்பு தகடுபோல் மெலிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவ்வளவு ஆழமான அரிப்பு சில வாரங்களில் வந்துவிடாது. முதலாமவர் மோட்டாரை இறக்கியபோது அந்த இணைப்பு அவர் கையைக் கடந்துதான் போயிருக்கிறது என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு குழாயையும் கப்ளிங்கையும் மாற்றியதும் தண்ணீர் பழையபடி வந்தது.

உண்மையில், எதையும் தூக்காமல் தரையில் நின்றபடியே பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். மோட்டாரைப் போட்டவுடன் நன்றாக வந்து, சிறிது நேரத்தில் காற்றும் தண்ணீருமாகக் கக்கி, நிறுத்தி வைத்தபின் மறுபடி நன்றாக வந்தால், நீர்மட்டம் இறங்குகிறது என்று பொருள். அதற்கு மோட்டாரை மாற்றிப் பயனில்லை. முதல் நிமிடத்திலிருந்தே ஒரே சீராகக் குறைவாக வந்தால் குழாயில் ஓட்டை, வடிகட்டி அடைப்பு, தேய்ந்த இம்பெல்லர் (பம்பினுள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அப்போது ஆம்பியர் அளவு வழி காட்டும்: அடைப்போ இம்பெல்லர் தேய்மானமோ இருந்தால் பம்ப் தள்ளும் தண்ணீர் குறைவதால் மின்னோட்டமும் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் குறையும், குழாயில் ஓட்டை என்றால் பம்ப் முழு வேலையும் செய்துகொண்டிருப்பதால் அது குறையாது. என் பழைய மோட்டார் கடைசி நாள் வரை பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையே காட்டியது. காயில் எரிந்த மோட்டார் ஸ்டார்ட்டரை ட்ரிப் ஆக்கும், ஃபியூஸை அடிக்கும். மாதக்கணக்கில் அமைதியாக ஓடிக்கொண்டு தண்ணீரை மட்டும் குறைத்துக்கொண்டிருக்காது. சந்தேகம் இருந்தால், காயிலின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. குழாயில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டி, கேட் வால்வைச் சில விநாடிகள் மட்டும் மூடிப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) என்பது கணக்கு. பெயர்ப்பலகையில் அதிகபட்ச ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) 90 மீட்டர் என்றிருந்து, நீர்மட்டம் 40 மீட்டரில் இருந்தால், மீதி 50 மீட்டருக்குக் கேஜ் 5 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். அதில் பாதிகூட ஏறவில்லையென்றால் குழாயோ இம்பெல்லரோ கெட்டிருக்கிறது. குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று தெரியாமல் இதைச் செய்யக் கூடாது. மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்து, அண்மையில் மின்வேலை ஏதும் நடந்திருந்தால், முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரக்கூடும், ஆனால் மிகக் குறைவாக வரும். எந்த இரண்டு ஒயர்களையாவது இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஒற்றை ஃபேஸ் என்றால், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரை அளக்கச் சொல்லுங்கள்.

பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் கூடும் என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஊற்று தருவதைவிட வேகமாக இழுக்கும் மோட்டார் தண்ணீரின்றி ஓட நேரும். தன்னைச் சுற்றி ஓடும் நீராலேயே குளிரும் மோட்டாருக்கு அது கேடு. பழைய கேபிளின் தடிமன் கூடுதல் ஆம்பியருக்குப் போதாவிட்டால் கீழே மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயின் அளவையும் புதிய மோட்டாருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். என் வீட்டில் இந்த இரண்டையும் அவர் தொடவே இல்லை.

பழைய மோட்டாரைக் கேட்டபோது, காயலான் கடைக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அவர் தந்த ரசீதில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே மோட்டாரைத் தூக்கும் முன்பே அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், ஆம்பியர், மின்னழுத்தம், நீர்மட்டம், மெகர் அளவு ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். புதிய மோட்டாரில் தண்ணீர் சரியாக வருவதைச் சில வாரங்கள் பார்க்கும் வரை பழையதை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள்.