வண்ணாரப்பேட்டை சுகர் ஓபி: டாக்டர் நல்லவர், பிரச்சினை மருந்து கவரில்

ஆறு மாதத்தில் நான்கு தடவை அம்மாவை இந்த ஓபிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி. பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு இடத்தோடு முடிகிற குறை இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு டோக்கன், உடனே வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள், எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம், பதினொன்றுக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். டாக்டர் பொறுமையானவர், செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கிறார். எத்தனை இடத்தில் இதைச் செய்கிறார்கள்?

இப்போது கவர் விஷயம். அம்மாவுக்கு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் HbA1c டெஸ்ட்டில் 9.4 சதவீதம் வந்ததால், ஏற்கெனவே போடும் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 2 மி.கி. மாத்திரையில் பாதி, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால், என்று எழுதினார். மருந்து கவுண்டரில் காகிதக் கவர் மேல் பேனாவால் 1/2 - 0 - 0 என்று, அதாவது காலையில் அரை, மதியமும் ராத்திரியும் இல்லை என்று, கிறுக்கிக் கொடுத்தார்கள். அம்மா அதை ஒன்று, இரண்டு என்று படித்திருக்கிறார். "ஒண்ணோ ரெண்டோ போட்டுக்கலாம்னு நெனச்சேன், சுகர்தான் ஏறிக்கிதே, ரெண்டாவே போட்டேன்" என்றார் பிறகு. அதாவது சொன்னதைப் போல நாலு மடங்கு. அதோடு "சாப்பாட்டுக்கு முன்னால்" என்பதும் சேர்ந்துகொண்டது. அம்மா மீன் வியாபாரம், விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு போய்விடுவார், ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு. மூன்று மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குச் சாப்பாடு, அதுவும் முன்னால்தானே!

மூன்றாவது நாள் ஏலம் நடக்கும்போதே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கூடை வைத்திருந்த அக்கா சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ வாங்கிக் கொடுத்ததால் பிழைத்தோம். நான் மிஷினை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது, டீ குடித்த பிறகும் 58. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் இப்படி இறங்குவது அபூர்வம், கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறக்கிவிடும். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மருந்து எழுதிக் கொடுத்த அன்றைக்கு டாக்டர் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். அம்மா "சரிங்க டாக்டர்" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நானும் தலையாட்டினேன். அம்மா விவரம் தெரியாதவர் இல்லை, ஏலத்தில் கூடைக்கணக்கை மனசிலேயே போட்டு ரூபாய் பிசகாமல் சொல்வார். ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது "புரியல" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அடுத்த தடவை போனபோது நடந்ததைச் சொன்னோம். டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டார், பின்பக்க அறையில் இருக்கும் சிஸ்டரிடம் அனுப்பினார். அந்த சிஸ்டருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் புரிந்ததா என்று கேட்கவே இல்லை. அம்மாவின் மாத்திரைகளை மேஜையில் கொட்டிவிட்டு, "நாளைக்குக் காலைல எழுந்ததும் எதை எடுப்பீங்க, எவ்ளோ எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா தயங்கியதும், "உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கலம்மா, நான் ஒழுங்கா சொன்னேனான்னு பாக்கறேன்" என்றார். அம்மாவின் முகமே மாறிவிட்டது. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ரத்தம் எடுக்கும் நாளில் வெறும் வயிறு என்றால் எந்த மாத்திரையும் கூடாது என்று நினைத்து, இட்லியோடு போட வேண்டிய சுகர் மாத்திரையையும் விட்டிருக்கிறார். இட்லிக்குப் பிறகு எடுத்த ரிசல்ட் ஏறித் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்! கம்பெனி மாறி அட்டையின் நிறம் மாறியபோது அது வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரை இருக்கிறதா என்றும் சிஸ்டர் கேட்டார். எங்களுக்கு இல்லை, ஆனால் வெவ்வேறு பெயரில் இரண்டு பக்கமும் ஒரே மருந்தை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டாம்.

கடைசியில் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து, அரை மாத்திரைக்குப் பாதி வட்டம் போட்டு, "தட்டுல சாப்பாடு போட்டுட்டு மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார். மொத்தம் பத்து நிமிடம். இரண்டு மாதமாக அம்மாவுக்கு ஒரு தடவை கூட இறங்கவில்லை.

இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அந்த அறைக்கு ஒரு போர்டு கூட வைக்கவில்லை என்பதுதான் என் கோபம். செவ்வாய், வெள்ளி மட்டும்தான் இருக்கிறார். மருந்து கவுண்டரில் இன்னும் 1/2 என்றுதான் எழுதுகிறார்கள். போன வாரம் நானே கேட்டு "அரை" என்று தமிழில் எழுத வைத்தேன், முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் எல்லோருக்கும் எழுதலாமே? மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் ஆங்கில கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான விதியில் 2016-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அது எந்த எழுத்தாக இருந்தால் என்ன?

டாக்டருக்கு நாலு ஸ்டார், சிஸ்டருக்கு அஞ்சு, மருந்து கவுண்டருக்கு ஒன்று. போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள், வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், லேப் தாண்டி இடதுபக்கம் கடைசிக் கதவு.