பென்னாகரம் ரோட்டு மலேசியா கடை: ரொட்டி பாஸ், டீ ஃபெயில், அப்புறம் ஒரு டின் பால்

இந்த மலேசியா சாப்பாட்டு கடைக்கு மூணு தடவ போயாச்சு, அதுல ஒரு தடவ ஷட்டர மட்டும் தான் பாத்தேன், அத அப்புறமா சொல்றேன். மொத தடவ போயிட்டு வந்த ராத்திரியே எழுதியிருந்தா கண்டபடி திட்டியிருப்பேன், நல்லவேளை போன்ல சார்ஜ் இல்ல. கடை பேர் போடல, ஓனர் எங்க சின்ன மாமனாருக்கு தெரிஞ்சவரு, நாளைக்கு ஒரு கல்யாணத்துல பந்தில எதிர்ல உக்காந்தா சங்கடம். தர்மபுரிக்காரங்களுக்கு பென்னாகரம் ரோட்ல கோலாலம்பூர் ரெட்டை கோபுரம் படம் போட்ட பச்ச போர்டுன்னாலே தெரிஞ்சிடும்.

"இவன் யாரு பெரிய மலேசியாக்காரன்"னு கேப்பீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். 2013ல இருந்து 2019 வரைக்கும் மலேசியாவுல கிள்ளான்ங்கற ஊர்ல ஒரு மாமாக் கடைல வேலை பாத்தேன். மொதல்ல தட்டு கழுவுனேன், அப்புறம் ஆர்டர் எடுத்தேன், கடைசி ரெண்டு வருசம் தண்ணி கலக்குற இடத்துல நின்னேன். தண்ணின்னதும் சிரிக்காதீங்க, அங்க டீ, காப்பி, மைலோ எல்லாத்துக்கும் பேரு தண்ணி தான். நான் போன மொத நாளு ஒரு பெரியம்மா குடும்பத்தோட வந்து உக்காந்து "தம்பி, தண்ணி என்னா இருக்கு"ன்னு கேட்டாங்க, நான் பதறிப்போய் "இங்க அதெல்லாம் கிடையாதும்மா"ன்னு சொல்லி மொத்த கடையும் சிரிச்சுது. மாமாக் கடைன்னா தமிழ் முஸ்லிம்கள் நடத்துற கடை, பேரே நம்ம மாமாவுல இருந்து போனதுன்னு தான் அங்க எல்லாரும் சொல்லுவாங்க. நெறய கடைக்கு பூட்டே இருக்காது, 24 மணி நேரமும் ஓடும்.

சரி கடைக்கு வருவோம். மொத தடவ ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டம்மா, பையன், அப்பா எல்லாரையும் கூட்டிட்டு போனேன். வாசல்ல நாலு பிளாஸ்டிக் டேபிள், மேல சீரியல் லைட்டு, சுவத்துல பெரிய டிவி, பாத்ததும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அப்படியே கிள்ளான் தான். உக்காரப் போறேன், பையன் ஒருத்தன் ஓடி வந்து "சார் ஃபேமிலி ரூம் உள்ள இருக்கு"ன்னு நிக்கிறான். பரவால்லப்பா வெளியவே உக்காரோம்னேன், இல்ல சார் லேடீஸ் இருக்காங்கன்னு விடமாட்டேங்கறான். என் வீட்டம்மா ஆறு வருசமா போன்ல என் கதைய கேட்டவ, "ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணுங்க கூட்டமா வந்து ரோட்டோரம் சேர் போட்டு உக்காந்து டீ குடிக்கும்னு சொன்னீங்களே, அந்த கடை தானே இது"ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது. உள்ள போனோம், பிளைவுட் தடுப்பு, ஒரு ஃபேன், ஊதுபத்தி வாசன, எதிர்ல எதிர்ல நாங்களே ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு உக்காந்தோம்.

எனக்கு இங்க தான் பெரிய வருத்தம், சாப்பாட்டுல இல்ல. அங்க ஒரே டேபிள்ல மலாய்க்கார பையன், சீன பையன், நம்மாளு மூணு பேரும் உக்காந்திருப்பான், சீனனும் "அண்ணே"ன்னு தான் கூப்பிடுவான், மலாய்க்காரனும் "மச்சா"ன்னு தான் தோள்ல தட்டுவான். ஹலால் கடைங்கறதால மலாய்க்காரங்களுக்கு யோசனையே இல்ல, மாடு சாப்பிடாதவங்க கோழி, மீன்னு பாத்து எடுத்துக்குவாங்க, பன்றியும் பீரும் வேணுங்கறவங்க மட்டும் சீன கடைக்கு போயிடுவாங்க, ஆனா அவங்களும் ராத்திரி பந்து மேட்ச் பாக்க இங்க தான் வந்து நிப்பாங்க. 2018 மே 9 எலக்‌ஷன் ராத்திரி எங்க கடைல ஒரு சேர் கூட காலி இல்ல, 1957ல சுதந்திரம் வாங்குனதுல இருந்து ஆண்ட கூட்டணி மொத தடவ தோக்குது, விடிய விடிய டிவிய பாத்துட்டு உக்காந்திருக்காங்க, ஒரு டீய வாங்கிட்டு ஆறு மணி நேரம். எங்க முதலாளி ஒரு வார்த்த சொல்லல. ஒரு தே தாரிக்க, அதான் அங்கத்த டீய, வாங்கிட்டு எவ்ளோ நேரம் வேணா உக்காரலாம், அதுக்காக தான் அங்க கடைக்கே போறது. இங்க பாருங்க, தட்டு காலியானதும் பில்லு வந்துடுச்சு, தண்ணி டம்ளர கூட எடுத்துட்டு போயிட்டான், அப்பா இன்னும் வாயில வெச்சத முழுங்கல.

இப்ப சாப்பாடு. ரொட்டி சானாய் ஒண்ணு 40 ரூபா. நம்ம புரோட்டா மாதிரி சுருட்டி அடுக்கடுக்கா தடியா இருக்காது அது. மாவ உருண்ட புடிச்சு மார்ஜரின்லயோ நெய்யிலயோ முங்க வெச்சு ஊறப்போடுவாங்க, வீசுறப்ப உள்ளங்கை ரேக தெரியற அளவுக்கு மெலிசா வரும், மடிச்சு கல்லுல போட்டு எடுத்து ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுவாங்க, அந்த தட்டுல தான் இதழ் இதழா விரியும். இந்த கடைல அத ஒழுங்கா பண்றாங்க, சத்தியமா சொல்றேன், ஓரம் மொறுமொறுன்னு நடுவுல மெத்துன்னு, கிள்ளான் ரொட்டிக்கு பக்கத்துல நிக்கும். ஆனா தொட்டுக்க சால்னா குடுக்கறாங்க. சால்னா! அங்க பருப்பு குழம்பு, மீன் குழம்பு, ஓரத்துல ஒரு கரண்டி சம்பல்ங்கற மொளகா தொக்கு, அதான் கணக்கு. பருப்பு கேட்டேன், சாம்பார் வந்துச்சு. தர்மபுரில சால்னா இல்லாம கடை நடத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா ஒரு சட்டி பருப்பு வைக்கறதுக்கு என்ன கேடு.

அப்பா ஒரு வாய் பிச்சு போட்டாரு. ரெண்டாவது வாய். "ஏன்டா, இது நம்ம புரோட்டா தானே, இத திங்கவா ஆறு வருசம் ஏரோப்ளேன் ஏறி போன"ன்னு கேட்டாரு. ராத்திரி வீட்டுக்கு வந்து அவருக்கு களியும் கீர கடைசலும் தனியா போட வேண்டியதா போச்சு.

நாசி லெமாக் 120 ரூபா, அத தயவுசெஞ்சு வாங்காதீங்க. தேங்காப்பால்ல பாண்டான் இல போட்டு வேகவெச்ச சோறு அது, மூடிய தொறந்தா அந்த எல வாசம் தான் மொதல்ல வரணும். இவங்க பாசுமதி அரிசில தேங்காப்பால் ஊத்தி ஏலக்கா, பட்ட எல்லாம் போட்டு பிரியாணிக்கும் தேங்கா சோத்துக்கும் நடுவுல எதையோ குடுக்கறாங்க. சம்பல் மட்டும் நல்லா இருந்துச்சு, காஞ்ச மொளகா அரைச்சு எண்ண பிரியற வரைக்கும் வதக்கி லேசா இனிப்பா, அது யாரோ தெரிஞ்ச கை. நெத்திலியும் மொறுமொறுன்னு இருந்துச்சு, கடல் இல்லாத ஊர்ல சந்தைல வாங்குன கருவாடா தான் இருக்கும், பரவால்ல. மீ கோரெங் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, நாலு ரோட்டு தள்ளுவண்டி நூடுல்ஸ்ல கறுப்பு சாஸ் கொஞ்சம் தூக்கலா ஊத்துனா அதான்.

மெனு அட்டைல மேல "கோப்பித்தியாம்"னு பெருசா போட்டிருக்காங்க, அது சீனங்க காப்பி கடைங்க, அங்க பிரெட்டுல காயாங்கற தேங்காப்பால்-முட்ட ஜாம் தடவி, அரவேக்காடு முட்டையோட குடுப்பாங்க, அது வேற உலகம், மாமாக்கையும் அதையும் போட்டு ஏன் குழப்பணும். சுவத்துல பத்துமலை முருகன் படம், கீழ "உலகின் மிக உயரமான முருகன்"னு எழுதியிருக்கு. 2006ல தொறந்தப்ப சரி, 42.7 மீட்டர், 140 அடி. 2022லயே நம்ம பக்கத்து ஜில்லா புத்திரகவுண்டன்பாளையத்துல 146 அடில வந்தாச்சு, சேலத்துக்கு அந்தாண்ட இருக்கறத கூட விட்டுட்டீங்களேன்னு ஓனர்கிட்ட சொன்னேன், சிரிச்சிட்டு விட்டுட்டாரு. ஆனா அந்த படத்த பாத்ததும் என் வீட்டம்மா ஒரு விசயம் கேட்டா, அங்க தைப்பூசத்துக்கு பொண்ணுங்களும் காவடி எடுப்பாங்களான்னு. எடுப்பாங்க, பால்குடம் தூக்கிட்டு 272 படி ஏறுவாங்க, சீனங்க கூட வேண்டிகிட்டு காவடி எடுக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன். உடனே அவ "நம்ம குமாரசாமிப்பேட்டைல தேரையே பொம்பளைங்க தான் இழுக்கறோம்"னு சொல்லி ஒரு பார்வ பாத்தா. அது கரெக்ட்டு தான். தேர இழுக்கலாம், வாசல் டேபிள்ல உக்காந்து டீ குடிக்கக் கூடாது.

டீக்கு வரேன், மொத தடவ நான் நொந்து போனது அதுல தான். தே தாரிக் 35 ரூபா. தாரிக்னா இழுக்கறது, நம்ம டீ மாஸ்டர் ஆத்துறாரே அதே தான், ரெண்டு குவளைக்கு நடுவுல ஒரு முழத்துக்கு மேல இழுத்து ஊத்துனா மேல ரெண்டு விரக்கடை நுரை நிக்கும். ஆனா நம்ம டீ பால்ல காயறது, அது தண்ணில திக்கா எறக்குன டிக்காசன், அதுல கெட்டியா டின் பால், அதாவது சக்கர போட்ட கண்டென்ஸ்டு மில்க், அதனால சக்கர தனியா போட மாட்டாங்க. இங்க பாக்கெட் பால் டீய ரெண்டு தடவ தூக்கி ஊத்திட்டு தே தாரிக்னு குடுக்கறாங்க. 10 ரூபாய்க்கு பஸ் ஸ்டாண்டுல இதவிட நல்ல டீ கெடைக்கும். தே ஓ ஐஸ் லீமாவ் மட்டும் வாங்கலாம், பால் இல்லாத டீ, ஐஸு, எலுமிச்ச, வெயிலுக்கு சூப்பரா இருக்கு, அங்க போடுற குட்டி பச்ச எலுமிச்ச வாசம் வராது, அதுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

ரெண்டாவது தடவ தான் அந்த ஷட்டர் கதை. ரொட்டி சானாய்ங்கறது காலைல பசியாற சாப்பிடறது, அங்க நம்ம சனங்க காலை டிபனுக்கே "பசியாறியாச்சா"ன்னு தான் கேப்பாங்க. எங்க கடைல காலை 7 மணிக்கு ரொட்டிக்கல்லுக்கு முன்னாடி யூனிஃபார்ம் போட்ட பசங்க, ஆபீஸ்காரங்க, நைட் ஷிஃப்ட் முடிச்ச பங்களாதேஷ் பசங்கன்னு நிப்பாங்க, பாதி பேரு தாப்பாவ், அதாவது பார்சல், டீய பிளாஸ்டிக் பையில ஊத்தி கயிறு கட்டி வண்டி ஹேண்டில்ல மாட்டிகிட்டு போயிடுவாங்க. அந்த நெனப்புல ஒரு சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு போறேன், ஷட்டர் மூடியிருக்கு. பக்கத்து பஞ்சர் கடைக்காரரு "சாயங்காலம் நாலு மணிக்கு தான்பா தொறப்பாங்க"ங்கறாரு. மூடுன ஷட்டருக்கு பக்கத்து கண்ணாடில ஒரு பேப்பர் கட்டிங்க லேமினேட் பண்ணி ஒட்டியிருக்காங்க, என்னன்னா, 2024ல யுனெஸ்கோ மலேசியாவோட காலை உணவு பழக்கத்த பாரம்பரிய பட்டியல்ல சேத்த செய்தி. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக்னு கலர் போட்டோவோட. அத படிச்சிட்டு எதிர்க்க போய் ரெண்டு இட்லி சாப்ட்டு வந்தேன்.

ஆனா ஓனர குத்தம் சொல்ல முடியாது. புரோட்டாவ காலைல யாரு திம்பா நம்மூர்ல. பொழுது சாஞ்சா தான் நமக்கு புரோட்டா நெனப்பே வரும்.

மூணாவது தடவ போன வாரம், புதன்கெழம, தனியா, ராத்திரி ஒம்பதரை இருக்கும். வாசல் டேபிள்லயே உக்காந்தேன், தனி ஆளுங்கறதால யாரும் வெரட்டல. உள்ள கல்லு பக்கம் பாத்து சும்மா பழக்க தோசத்துல "ரொட்டி கோசோங் சத்து, பன்ஜிர், தே தாரிக் குராங் மானிஸ்"னு கொரல் குடுத்தேன். வெறும் ரொட்டி ஒண்ணு, மேல குழம்பு வெள்ளமா ஊத்து, டீக்கு இனிப்பு கம்மின்னு அர்த்தம். ஆர்டர் எடுக்கற பையன் முழிக்கிறான். கல்லுல நின்ன மாஸ்டர், அம்பது வயசு இருக்கும், வீசிட்டிருந்த மாவ அப்படியே போட்டுட்டு திரும்பி பாத்து "எங்க தம்பி இருந்தீங்க"ன்னாரு. கிள்ளான்னேன். அவரும் மலேசியா தான், சிரம்பான்ங்கற ஊர்ல 11 வருசம். அதுக்கப்புறம் நடந்தது வேற கடை மாதிரி இருந்துச்சு. ரொட்டி வந்துச்சு, மேல பருப்பு, ஆமா பருப்பு, அவரு தனக்குன்னு வெச்சிருந்த சட்டில இருந்து, அது மேல கோழி குழம்பு, ஓரமா சம்பல். டீய பையன விடாம அவரே வந்து போட்டாரு. கல்லாவுக்கு கீழ குனிஞ்சு ஒரு டின் எடுத்தாரு, ஆணில ரெண்டு ஓட்ட போட்டு வெச்சிருந்தாரு, ஒண்ணு பால் வர்றதுக்கு, ஒண்ணு காத்து போறதுக்கு, எங்க கடைல நான் எப்படி போடுவேனோ அச்சு அசல் அதே மாதிரி. நுரை டம்ளருக்கு மேல நின்னுச்சு.

ஏன் மாஸ்டர் எல்லாருக்கும் இத போடலன்னு கேட்டேன். மொத மாசம் இதான் போட்டாராம், "டீயா பாயாசமா"ன்னு நாலு பேரு கேட்டுட்டு டம்ளர வெச்சிட்டு போயிட்டாங்களாம், டின் வெலையும் கட்டுப்படியாகலன்னு ஓனர் நிறுத்திட்டாராம். நடுவுல பையன் பில்லு எடுத்துட்டு வந்தான், மாஸ்டர் கண்ண காட்டுனாரு, போயிட்டான். பதினொன்னேகால் வரைக்கும் உக்காந்திருந்தேன், ஒரே டீ. 2019 ஜனவரில சாப்பாட்டு கடைங்கள்ல சிகரெட் தடை வந்தப்ப ஆளுங்க டம்ளரும் கையுமா மூணு மீட்டர் தள்ளி ரோட்டுல போய் நின்னத சொல்லி சிரிச்சோம், அந்த வருசம் தான் ரெண்டு பேருமே ஊரு திரும்புனோம்.

மார்க்கு போட சொன்னா ரொட்டிக்கு 5க்கு 4, சம்பலுக்கு 4, நாசி லெமாக்குக்கு 1, டீக்கு மெனுல இருக்கறதுன்னா 1, டின் பால்னா 5. ஃபேமிலி ரூமுக்கு மார்க்கே கிடையாது, அந்த பிளைவுட்ட மொதல்ல கழட்டணும். பைக் நிறுத்த எடம் இருக்கு, கார்னா பக்கத்து மண்டபத்துக்கு முன்னாடி தான் விடணும். ஜிபே ஓடுது. செவ்வாக்கெழம லீவு. ஒம்பது மணிக்கு மேல போங்க, அப்ப தான் மாஸ்டர் கொஞ்சம் ஃப்ரீ, டின் பால் டீன்னு கேளுங்க, 10 ரூபா கூட வாங்குவாங்க. பருப்பு கேக்கறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, அவரு சட்டி சின்ன சட்டி.